அப்துல் ஹமீது நம் ரசீது அல்ல!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாட்டுக்காகப் போரில் உயிர் கொடுத்தவர்களைக் கண்ணியப்படுத்துவது பற்றியும், நிலையான அமைதி பற்றியும் பேசச் சொல்லி நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்தார்களே, அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். இந்த இரண்டையும் பிரித்துவிட்டதால்தான் நாட்டில் பாதிச் சிக்கல்.

நம் சமுதாய மேடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் நம்முடைய தேசப்பற்றைச் சந்தேகித்துப் பேசிவிட்டால் போதும். மறுவாரமே நம் பேச்சாளர் மைக்கைப் பிடித்து, "1965 போரில் பாட்டன் டாங்கிகளை நொறுக்கியவர் யார்? அப்துல் ஹமீது! கார்கிலில் உயிர் கொடுத்தவர் யார்? ஹனீஃபுத்தீன்!" என்று முழங்குவார். கைதட்டல் விண்ணைப் பிளக்கும். கூட்டம் கலையும். கைதட்டியவர்களில் பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள். அப்துல் ஹமீதுக்கு எந்த ஊர்? ராணுவத்தில் சேர்வதற்கு முன்னால் என்ன தொழில் செய்தார்? எங்கே அடக்கமாகியிருக்கிறார்? அவர் மனைவி எத்தனை வருடம் அவரில்லாமல் வாழ்ந்தார்? ஒருவருக்கும் தெரியாது.

கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரசீதை எதற்கு வைத்திருக்கிறோம்? "நீ பணம் கட்டவில்லை" என்று எவனாவது வந்து கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு. காட்டி முடிந்ததும் அது மறுபடி டிராயருக்குள் போய்விடும். அந்தக் காகிதத்தின்மேல் யாருக்காவது பாசம் இருக்கிறதா? அப்துல் ஹமீதை நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். சந்தேகப்பட்டவனுக்கு எடுத்துக் காட்டுகிறோம். அவன் போனதும் டிராயரில் போட்டு மூடிவிடுகிறோம்.

அது அவருக்குக் கண்ணியம் இல்லை. முதலில் அவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தையற்காரர் வீட்டுப் பிள்ளை

உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் மாவட்டம், தாமுப்பூர் என்ற சிற்றூர். 1933 ஜூலை முதல் தேதி பிறந்தவர். தந்தைக்குத் தையல் தொழில். மகனும் அதே தையல் மிஷினில் உட்கார்ந்து துணி தைத்தவர்தான். நம் கடைத் தெருவில் காலையில் ஷட்டர் தூக்கும் டெய்லர் பாய்களைப் பார்க்கிறீர்களே, அந்த வகையறா. நாலாவது கிரெனேடியர்ஸ் படைப்பிரிவில் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் ஆனார். பெரிய அதிகாரி இல்லை. கம்பெனிக்குச் சாமான் சரிபார்த்துக் கொடுக்கிற பொறுப்பு. இன்றைய கணக்கில் சொன்னால் ஸ்டோர் கீப்பர்.

1965 செப்டம்பர். பஞ்சாபில் கேம்கரண் பகுதிக்குள் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் நுழைந்தன. அந்தக் காலத்தில் பாட்டன் டாங்கி என்றால் உலகமே பயப்படும். அப்துல் ஹமீதிடம் இருந்தது ஒரு ஜீப். அதன்மேல் ஒரு டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. அந்த ஜீப்பின் தகடு துப்பாக்கிக் குண்டைக்கூடத் தாங்காது. பயிருக்குள் ஜீப்பை மறைத்து வைத்து, டாங்கி அருகில் வரும்வரை காத்திருந்து அடித்தார். அடித்த மறுநொடி இடம் மாறினார். ஒன்றை நொறுக்கி, அடுத்ததை நொறுக்கி, செப்டம்பர் 10ஆம் தேதி மற்றொரு டாங்கியும் அவரும் ஒருவரை ஒருவர் குறிபார்த்த நேரத்தில் குண்டு பாய்ந்து உயிர் நீத்தார். வயது 32.

அசல் உத்தர் என்ற அந்தக் கிராமத்து மண்ணிலேயே அவருடைய கபுர் இருக்கிறது. சுற்றிலும் சீக்கிய விவசாயிகளின் வயல்கள். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ராவை 1966 குடியரசு நாளில் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் கையிலிருந்து வாங்கியவர் அவருடைய மனைவி ரசூலன் பீவி. அந்த அம்மையார் 2019இல்தான் காலமானார். கணக்குப் போடுங்கள். ஏறத்தாழ 54 வருடம்! முதுமையில், 2017ஆம் வருடம், ராணுவத் தலைமைத் தளபதியைத் தம் ஊருக்கு அழைத்தார். என் கணவரின் நினைவு நாளுக்கு நீங்கள் வரவேண்டும் என்பதுதான் அழைப்பு. தளபதியும் தாமுப்பூருக்கே வந்தார். அந்த அம்மா கணவரின் பெயரை யாரிடமும் ரசீதாகக் காட்டவில்லை, கவனியுங்கள். அவர் கேட்டது நினைவு. நம் மேடைகள் கேட்பதோ சான்றிதழ்.

இன்னொருவர், பிரிகேடியர் முஹம்மது உஸ்மான். அஸம்கர் பகுதியில் பிறந்து, லண்டன் பக்கம் சேண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். பலூச் படைப்பிரிவில் இருந்தார். 1947இல் நாடு பிரிந்தபோது அந்தப் படைப்பிரிவு பாகிஸ்தானுக்குப் போயிற்று. இவர் போகவில்லை. அந்த வருடம் டிசம்பர் 25ஆம் தேதி ஜம்மு பகுதியில் ஜங்கர் என்ற இடம் எதிரி வசம் விழுந்தது. அதை மீட்கும் வரை கட்டிலில் படுக்கமாட்டேன் என்று சொல்லி, அந்தக் கடுங்குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். 1948 பிப்ரவரியில் நவ்ஷேராவைக் காத்தார். மார்ச்சில் ஜங்கரை மீட்டார். கட்டில் வந்தது. ஜூலை 3ஆம் தேதி அதே ஜங்கரில் பீரங்கிக் குண்டு விழுந்து இறந்தார். இன்னும் 12 நாள் இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும். அவர் தலைக்கு எதிர்த் தரப்பு 50 ஆயிரம் ரூபாய் விலை வைத்திருந்ததாக வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். 1948இல் 50 ஆயிரம் என்றால் என்ன தொகை என்று நம் மளிகைக்கடைப் பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள்.

டெல்லியில் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் அருகே உள்ள மையவாடியில் அவரை அடக்கம் செய்தார்கள். பிரதமர் நேருவே ஜனாஸாவில் நின்றார். பிறகு என்ன நடந்தது? 2020 டிசம்பரில் அந்தக் கபுரின் கல் உடைந்து சிதைந்து கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. நாட்டைச் சுற்றி எத்தனை மேடைகளில் "நவ்ஷேராவின் சிங்கம்" என்று முழங்கியிருப்பார்கள்! அந்தச் சிங்கத்தின் தலைமாட்டுக் கல்லை நிமிர்த்தி வைக்க ஒரு கை வரவில்லை. கடைசியில் ராணுவம்தான் முன்வந்து சீர்செய்தது.

பிணத்துக்கு விலை வாங்காதே

அகழ்ப் போரில் எதிரிப் படையைச் சேர்ந்த ஒருவன் கொல்லப்பட்டான். அவனது உடலைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று குறைஷிகள் ஆள் அனுப்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் விலை வாங்க மறுத்தார்கள். முற்றுகைக்குள் பசியோடு கிடந்த நேரம் அது. வயிற்றில் கல் கட்டிக்கொண்டு குழி வெட்டிய நாட்கள். பணம் தேவையில்லாமலா இருந்தது? ஆனாலும் பிணம் விற்பனைச் சரக்கு இல்லை என்பது அன்று சட்டமாயிற்று. எதிரியின் பிணத்துக்கே விலை கூடாது என்றால், நம் வீரரின் பிணத்துக்கு, "இதோ பார், நாங்களும் உயிர் கொடுத்திருக்கிறோம், எங்களை நம்பு" என்று விலை கேட்கலாமா?

நாம் இந்த நாட்டின் குடிமக்கள் என்பதற்கு யாருடைய பிணமும் சாட்சியாக வேண்டியதில்லை. ராணுவத்தில் ஒரு முஸ்லிம்கூடச் சேர்ந்திருக்காவிட்டாலும், நாம் இந்த மண்ணின் பிள்ளைகள்தான். பிறகு ஏன் அவர்களை நினைக்க வேண்டும்? அவர்கள் இறந்தார்கள், அதனால் நினைக்க வேண்டும். அவ்வளவே. டெல்லியில் 2019 பிப்ரவரி 25ஆம் தேதி தேசியப் போர் நினைவகம் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் நீத்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கருங்கல்லில் வட்டம் வட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெயர், பதவி, படைப்பிரிவு. ஹமீதுக்குப் பக்கத்தில் ஒரு சிங் இருப்பார். உஸ்மானுக்குப் பக்கத்தில் ஒரு தாப்பா இருப்பார். அந்தச் சுவரில் நம் பெயர்களை மட்டும் தனியே பெயர்த்தெடுத்து வந்து மாலை போட்டால் அது மரியாதையா? எடுத்தால் சுவரையே எடுங்கள்.

திருச்சிக்காரர்கள் இங்கே இருப்பீர்கள். மேஜர் மாரியப்பன் சரவணன் உங்கள் ஊர்ப் பிள்ளை. பீகார் படைப்பிரிவில் இருந்தவர். 1999 மே 29ஆம் தேதி கார்கில் பகுதியில் பட்டாலிக் மலையில் இறந்தார். ஒரு மாதத்துக்கும் மேலாக அவரது உடலை எடுக்க முடியவில்லை. பனியிலே கிடந்தது. அவர் இறந்து எட்டே நாளில், ஜூன் 6ஆம் தேதி, துர்துக் பகுதியில் கேப்டன் ஹனீஃபுத்தீன் இறந்தார். 25 வயது நிறையவில்லை. அவரது உடலும் ஒரு மாதத்துக்கும் மேல் பனியிலே கிடந்தது. இருவருக்கும் வீர் சக்ரா. இரண்டு தாய்மார்கள், வேறு வேறு ஊர், வேறு வேறு மொழி, ஒரே காத்திருப்பு. ராணுவத் தளபதி ஹனீஃபின் தாயாரைச் சந்தித்து, எதிரி சுட்டுக்கொண்டே இருப்பதால் உடலை மீட்க முடியவில்லை என்று சொன்னபோது, என் மகனின் உடலை எடுப்பதற்காக இன்னொரு தாயின் பிள்ளை உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று அந்தத் தாய் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

சகோதரர்களே, ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்குங்கள் என்று ஓதிப் படித்தவன் நான். பெற்ற மகனின் மையித்துப் பனியில் கிடக்கும்போது இன்னொரு பிள்ளையை நினைத்த அந்தத் தாய்க்கு நான் என்ன பாடம் சொல்ல முடியும்? அந்த வார்த்தைக்குள் நாட்டுப்பற்றும் இருக்கிறது, அமைதியும் இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியவில்லை.

எதிர்ப்பக்கத்துப் பிணங்கள்

இளைஞர்கள் சிலர் என்னிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பதுண்டு. மேடையில் கேட்கத் தயங்குவார்கள். "ஹஜ்ரத், அப்துல் ஹமீது அடித்த டாங்கிக்குள் இருந்தவனும் முஸ்லிம்தானே? இரண்டு பேரில் யார் ஷஹீது?" நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன். யார் எந்த நிய்யத்தோடு இறந்தார் என்பது படைத்தவனுக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பு நாற்காலியில் நீயும் உட்கார வேண்டாம், நானும் உட்காரவில்லை. தன் நாட்டைக் காக்கும் கடமையில் இருந்தவர் அப்துல் ஹமீது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். வாக்குறுதியை நிறைவேற்றுவது நமக்கு மார்க்கம். டாங்கிக்குள் எரிந்தவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். அவனை அனுப்பியவர்களிடம் அவன் தாய் கேட்கட்டும். கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது.

நமக்கு விதிக்கப்பட்டிருப்பது வேறு. ஒரு யூதரின் சடலம் கடந்து போனபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடைய ஜனாஸா என்று சொன்னபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஹதீஸ் ஓதிய எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இதை ராணுவத்தினரே செய்து காட்டியிருக்கிறார்கள். கார்கில் போரின்போது, மலைமேல் இருப்பவர்கள் எங்கள் படையினர் இல்லை, போராளிகள் என்று பாகிஸ்தான் அரசு சாதித்தது. தன் பிள்ளைகளின் உடல்களையே ஏற்கத் தயங்கியது. கில்கித், பல்திஸ்தான் பகுதி ஏழைப் பிள்ளைகள் அவர்கள்; வடக்கு இலகு காலாட்படையினர். அந்த உடல்களில் பலவற்றை இந்திய வீரர்கள்தான் அந்த மலைகளிலேயே முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்தார்கள். நேற்று வரை தங்களைச் சுட்டவர்களுக்குக் கபுர் தோண்டினார்கள்!

கேப்டன் கர்னல் ஷேர் கான் என்ற பாகிஸ்தான் அதிகாரி 1999 ஜூலையில் டைகர் ஹில் பகுதிச் சண்டையில் கொல்லப்பட்டார். அவரது வீரத்தை நேரில் கண்ட இந்தியத் தளபதி, பிரிகேடியர் பாஜ்வா, இந்த அதிகாரி மிகத் துணிவோடு போரிட்டார் என்று ஒரு சீட்டு எழுதி, உடலைத் திருப்பி அனுப்பும்போது சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பின்னர் பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த விருதான நிஷானே ஹைதரை அவருக்கு வழங்கியது. ஒரு சீக்கிய அதிகாரி ஒரு முஸ்லிம் எதிரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. யாரும் கேட்டு எழுதவில்லை. எந்தச் சந்தேகத்துக்கும் பதிலாக எழுதவில்லை.

கார்கிலில் இந்தியா இழந்த உயிர்கள் 527. பாகிஸ்தான் ராணுவம் 11 வருடம் கழித்து, 2010இல்தான், அந்தப் பகுதியில் இறந்த தன் படையினர் 453 பேரின் பட்டியலைத் தன் இணையப் பக்கத்தில் போட்டது. பதினோரு வருடம் ஒரு தாய்க்குத் தன் மகன் எப்படி இறந்தான் என்று அரசாங்கம் வாய்திறந்து சொல்லவில்லை என்றால், அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? பெயரை மறைப்பதைவிடப் பெரிய அவமரியாதை இறந்தவருக்கு இல்லை.

சியாச்சின் பனிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 முதல் இரண்டு படைகளும் அங்கே எதிரெதிரே உட்கார்ந்தன. குண்டுக்கு இறந்தவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இறந்தவர்களே அதிகம். 2012 ஏப்ரலில் கயாரி என்ற இடத்தில் பாகிஸ்தான் முகாம்மீது பனி சரிந்து 140 பேர் புதைந்தார்கள். 2016 பிப்ரவரியில் இந்தியச் சாவடிமீது சரிந்தது. மதராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்கள். அதில் நாலு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்; வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். ஆறு நாள் பனிக்கடியில் உயிரோடு இருந்து மீட்கப்பட்ட கர்நாடகத்து ஹனுமந்தப்பாவும் டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். புல்கூட முளைக்காத இடம் அது!

சமாதானம் என்றால் பயமா?

இங்கேதான் சிலர் நம்மை மடக்குவார்கள். "அமைதி அமைதி என்கிறீர்களே, இறந்தவர்களின் ரத்தம் வீணா?" என்பார்கள். இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடப் போவதில்லை. 1966 ஜனவரி 10ஆம் தேதி தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரியும் அயூப் கானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ரத்தம் சிந்திப் பிடித்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீரர்களின் குடும்பங்களில் எத்தனை மனம் வெந்திருக்கும்! அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் சாஸ்திரி போருக்குப் பயந்தவரா? லாகூர் பக்கம் படையை அனுப்பியவரே அவர்தான். போரை நடத்தத் தெரிந்தவர்தான் சமாதானத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றிரவே அந்த ஊரில் இறந்தும் போனார். மறுநாள் அவரது உடலை விமானத்தில் ஏற்றும்போது தோள் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மூன்றரை மாதத்துக்கு முன்புவரை அவரோடு போர் நடத்திய அயூப் கான்!

அதன்பிறகு 1971 வந்தது. 1972இல் சிம்லா. 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். மே மாதம் கார்கில் வெடித்தது. 2003 நவம்பரில், அவர்களுடைய நோன்புப் பெருநாளை ஒட்டி, எல்லையில் துப்பாக்கிகள் அடங்கின. சில வருடங்கள் எல்லையோரக் கிராமத்துப் பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு அதுவும் கரைந்தது. 2020இல் மட்டும் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்நிறுத்த மீறல்கள் என்று இந்திய அரசு கணக்குச் சொன்னது. 2021 பிப்ரவரியில் இரு ராணுவத் தலைமைகளும் பேசி மறுபடி அடக்கினார்கள். 2025இல் மறுபடி.

அமைதி முறிந்து முறிந்துதான் போயிருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அது நீடித்த ஒவ்வொரு வருடமும் எத்தனை வீட்டில் பிள்ளை உயிரோடு திரும்பி வந்தான் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குச் சிலையும் இல்லை, கல்லில் பெயரும் இல்லை. லீவுக்கு வந்து, தங்கைக்குக் கல்யாணம் முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வணிகப் பெருமக்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2008 அக்டோபர் 21ஆம் தேதி காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வியாபாரம் தொடங்கியது. இரண்டு பாதைகள், 21 வகைச் சரக்குகள். ரூபாயும் கிடையாது, டாலரும் கிடையாது. பண்டமாற்று! இந்தப் பக்கம் ஒரு லாரி சரக்குப் போகும், அந்தப் பக்கம் அதே மதிப்புக்கு ஒரு லாரி வரும். எதிர்ப்பக்க வியாபாரியின் கடையைக் கண்ணால் பார்க்காதவர்கள் லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்கை வாக்கை நம்பி அனுப்பினார்கள். நம் கொத்தவால் சாவடியில்கூட அப்படி நம்புவார்களா, சந்தேகம்தான். அந்தப் பாதையை ஆயுதத்துக்கும் போதைப் பொருளுக்கும் கள்ள நோட்டுக்கும் சிலர் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, 2019 ஏப்ரலில் இந்திய அரசு அதை நிறுத்தியது. அப்படிப் பயன்படுத்தியவன் இருந்தால் அவன் வியாபாரி இல்லை. ஒரு நல்ல காரியத்தின் கழுத்தை அறுத்தவன்.

நாட்டு மருந்துக்கடைக்காரர்களுக்குத் தெரியும், இந்துப்பு எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று. பாகிஸ்தான் பஞ்சாபில் கெவ்ரா என்ற சுரங்கம். 2025 மே மாதத் தொடக்கத்தில் பாகிஸ்தான் சரக்கு அத்தனைக்கும் தடை வந்ததும் உப்பு வியாபாரம்வரை ஆட்டம் கண்டது. போர் என்றால் டெல்லியில் நடப்பது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள்.

அந்த 2025 பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் 26 அப்பாவிகளைக் கொன்றார்கள். மதம் கேட்டுக் கொன்ற அந்தக் கொடியவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவர்கள். பயணிகளைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து உயிர்விட்ட குதிரைக்கார ஏழை முஸ்லிமும் அந்த 26 பேரில் ஒருவர். இறந்தவர்களில் கடற்படை அதிகாரி ஒருவர் இருந்தார். கல்யாணமாகி ஒரு வாரம்கூட முடியவில்லை. அவருடைய இளம் மனைவி கண்ணீரோடு, முஸ்லிம்கள்மீதும் காஷ்மீரிகள்மீதும் யாரும் வன்மம் காட்டாதீர்கள், எங்களுக்கு அமைதி வேண்டும், நீதியும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்காக அந்தப் பெண்ணை இணையத்தில் எத்தனை பேர் ஏசினார்கள் தெரியுமா? கணவனை இழந்தவள் அவள். ஏசியவர்கள் இழந்தது என்ன?

மே 7ஆம் தேதி சண்டை தொடங்கியது. எல்லையோரப் பூஞ்ச் நகரத்தில் குண்டுகள் விழுந்தன. சீக்கியர், இந்து, முஸ்லிம் என்று பார்த்து விழவில்லை. குழந்தைகளும் இறந்தார்கள். அங்கே ஒரு மதரஸாவில் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியர் ஒருவரும் பாகிஸ்தான் குண்டுக்குப் பலியானார். அவர் இந்திய மண்ணில் எதிரியின் குண்டுக்கு இறந்த இந்தியர். ஆனால் சில தொலைக்காட்சிகள் அவர் படத்தைப் போட்டு, பயங்கரவாதி கொல்லப்பட்டான் என்று அறிவித்தன! பூஞ்ச் காவல்துறையே அது பொய் என்று மறுக்க வேண்டியதாயிற்று. தாடியும் தொப்பியும் இருந்த ஒரே காரணத்துக்காக, இறந்த மனிதனின் சாவையும் திருடினார்கள். மே 10ஆம் தேதி துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்த வீட்டில் ஓயவில்லை.

எனக்கு இதில் கோபம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில் மறுபடி மேடை ஏறி அப்துல் ஹமீதைக் காட்டிக் கத்துவது வழியில்லை. அந்தக் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போகட்டும், வக்கீல் வைக்க நாம் துணை நிற்போம். கண்ணியம் என்பது அப்படித்தான் திரும்பி வரும்.

இனி நம் ஊர் வேலைக்கு வருகிறேன். கலெக்டர் அலுவலக வளாகத்தைக் கடந்துபோகும்போது முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? நம் மாவட்டத்தில் போரிலோ, எல்லைப் பணியிலோ இறந்தவர்களின் குடும்பங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அங்கே விசாரிக்க வேண்டும். எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்கக் கூடாது. அந்த வீடுகளுக்கு இளைஞர்கள் இருவர் இருவராகப் போக வேண்டும். மாலையும் வேண்டாம், போட்டோகிராபரும் வேண்டாம்; வாட்ஸ்அப்பில் போடுவதற்காக யாரும் போக வேண்டாம். பென்ஷன் தாள் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா, பிள்ளையின் படிப்புச் செலவுக்கு என்ன வழி, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள். 1949 முதல் நடக்கிறது. அந்த உண்டியல் கடைக்கு வரும்போது சில்லறை தேடாதீர்கள். கடைத் தெரு வியாபாரிகள் சார்பில் ஒரு நல்ல தொகையைச் சேர்த்து, பெயர் போடாமல், அந்த அலுவலகத்திலேயே கட்டி ரசீது வாங்குங்கள்.

அந்த ரசீதை வைத்துக்கொள்ளலாம்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வீடுகளுக்குப் போகத் தயாராக உள்ள இளைஞர்கள் பெயரும் ஓய்வாக இருக்கும் கிழமையும் எழுதிவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ஜும்ஆ இருக்கிறது. வஸ்ஸலாம்.